பைக்காரா போகும் வழியில் ஒரு புகலிடம்... நீலகிரி செம்மறிகளைக் காக்கும் கொட்டகைகள்!

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காரா போகிறவர்கள் காமராஜ் சாகர் அணையைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். தண்ணீர், புல்வெளி, மேகம் எல்லாம் போனுக்குள் வந்துவிடும். இதே வட்டாரத்தில், சாண்டிநல்லாவில் இருக்கும் ஆட்டுக் கொட்டகைகளை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால், நீலகிரி செம்மறி என்ற இனம் இன்னும் பிழைத்திருப்பதற்கு அந்தக் கொட்டகைகள் ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆட்டு இன ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இயங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரம். கோடையில்கூட ஸ்வெட்டர் தேடவைக்கும் குளிர்.

தமிழ்நாட்டுச் செம்மறி என்றதும் நினைவுக்கு வருவது கறிக்காக வளர்க்கப்படும், முடி குறைந்த ஆடுகள்தான். நீலகிரி செம்மறி வேறு ரகம். கம்பளி ரோமம் தருவது. பெரும்பாலும் வெள்ளை நிறம், அகன்று தொங்கும் காது, லேசாக வளைந்த மூக்கு, சுமார் 30 கிலோ எடை. 19-ம் நூற்றாண்டில் மலைக்குக் கொண்டுவரப்பட்ட டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத்டவுன் போன்ற வெளிநாட்டு ஆடுகளும் கோவைப் பகுதி ஆடுகளும் கலந்து உருவானது. வெள்ளைக்காரர்களின் ஆடு என்று சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக இந்த மலையின் மழையையும் பனியையும் தாங்கித் தாங்கி, இந்த மண்ணின் ஆடாகவே மாறிவிட்டது.

பிறகு மலை மாறியது. மேய்ச்சல் புல்வெளிகள் தேயிலைத் தோட்டமாகவும், யூகலிப்டஸ், சீகை மரக்காடாகவும் ஆயின. ரோமத்துக்கும் மதிப்பு போனது. வெட்டும் கூலிக்குக்கூட ரோமம் விற்ற காசு தேறவில்லை என்றால் யார் வளர்ப்பார்கள்? மிச்சமிருந்த ஆடுகள் மற்ற ரகங்களோடு கலந்தன. இன்று கலப்பில்லாத நீலகிரி செம்மறிகளை மந்தையாகப் பார்க்க வேண்டும் என்றால், சாண்டிநல்லாவுக்குத்தான் வர வேண்டும்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம்

மலையில் ஆட்டுக் கொட்டகை என்றால், நாலு பக்கமும் இழுத்து மூடிவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அதுதான் தப்பு. ஆட்டுக்கு ரோமமே கம்பளி. காய்ந்த இடத்தில் படுத்தால் அது குளிரைத் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதது ஈரத்தை. மூடிய கொட்டகையில் சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு வெளியேற வழியில்லாமல் நுரையீரலைப் புண்ணாக்கும். அடுத்தது சளி, நிமோனியா. முதலில் போவது குட்டிகள். அதனால், மேலே காற்று போக இடைவெளி வேண்டும். அந்தக் காற்று படுத்திருக்கும் ஆட்டின் மேல் நேராக அடிக்கவும் கூடாது. கொஞ்சம் வெயிலும் உள்ளே விழ வேண்டும்.

தரை விஷயத்தில் கைகொடுப்பது பரண். தரையிலிருந்து மூன்றரை, நான்கு அடி உயரத்தில் மரச்சட்டங்களை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளிவிட்டு அடிப்பார்கள். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும், ஆட்டின் காலடி காய்ந்தே இருக்கும். இடைவெளி அதிகமானால் குட்டியின் கால் சிக்கும். குறைந்தால் புழுக்கை அடைத்துக்கொள்ளும். வளர்ந்த பெட்டை ஆடு ஒன்றுக்குக் கூரைக்குள் 10 சதுர அடி, உலவ அதைப்போல இரண்டு மடங்கு திறந்தவெளி என்பது பொதுக் கணக்கு. பரண் போட்டு ஆடு வளர்க்கும் இளைஞர்கள் பலர் கோட்டைவிடுவது இந்தத் திறந்தவெளியில்தான்.

பரணுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஈரமான புல்வெளியில் ஆடுகளைச் சாய்ப்பது பெரும்பாலும் குடற்புழுதான். அதிலும் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஒரு புழு இருக்கிறது. அதன் முட்டை புழுக்கையோடு வெளியே வரும். பொரிந்த இளம்புழு ஈரப்புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கும். மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் மறுபடி போகும். நீலகிரியில் சில மருந்துகளுக்கு இந்தப் புழு மசிவதில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. அப்படியிருக்க, புழுக்கைக்கும் தீவனத்துக்கும் நடுவே ஒரு பலகை நிற்பதே பாதி மருந்து.

கம்பளி ஆட்டுக் கொட்டகையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, உலர்புல் வைக்கும் தட்டி. அதைத் தலைக்கு மேல் கட்டினால், ஆடு இழுத்துத் தின்னும்போது புல்விதையும் தூசியும் கழுத்து ரோமத்தில் உதிரும். அந்த ரோமத்தைச் சுத்தம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதே பல்கலைக்கழகத்துக்குச் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஒரு மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பிரச்னை வெயில். அதனால், கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால்தான் நண்பகல் வெயில் உள்ளே இறங்காது. மேச்சேரி ஆட்டின் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மரியாதை உண்டு. வேலியில் துருத்தும் ஒரு முள்கம்பி, தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆணி போதும், கீறல் விழுந்து தோலின் விலை இறங்கிவிடும். ஒரே மாநிலம்தான். ஆனால், ஓர் ஊர் கொட்டகையை இன்னோர் ஊரில் அப்படியே கட்ட முடியாது.

அப்பா யார் என்று தெரிய வேண்டும்!

வீட்டுப் பட்டிக்கும் ஆராய்ச்சி நிலையக் கொட்டகைக்கும் பெரிய வித்தியாசம் தடுப்புகள்தான். கிடாக்கள் தனி. சினை ஆடுகள் தனி. இனச்சேர்க்கைக் காலத்தில் ஒரு கிடாவோடு 25, 30 பெட்டைகளை மட்டும் ஓர் அறையில் விடுவார்கள். பிறக்கும் குட்டிக்கு அப்பா யார் என்று சந்தேகமே வரக் கூடாது. குட்டி போடும் ஆட்டுக்குத் தனியாக ஒரு சின்ன அறை. தாயும் குட்டியும் ஒன்றையொன்று மோப்பம் பிடித்துப் பழகவும், சீம்பால் முழுசாகக் குட்டிக்குப் போகவும் அந்தத் தனிமை அவசியம். பிறந்த உடனே எடை போட்டு, காதில் எண் மாட்டிவிடுவார்கள். பிறகு 3 மாதம், 6 மாதம், 1 வருடம் என்று எடை மேடை ஏற வேண்டும். நம்மூர் பால்வாடிக் குழந்தைகளுக்குக்கூட இவ்வளவு கறாரான பதிவேடு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பதிவேட்டை வைத்துத்தான் அடுத்த தலைமுறைக்கு எந்தக் கிடா என்று முடிவாகும். சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டை மெரினோ, ராம்போலே ஆடுகளோடு கலந்து உருவாக்கிய ‘சாண்டினோ’ என்ற ரகமும் இப்படிப் பதிவேடு வைத்து வளர்த்ததுதான்.

ஒரே இடத்தில் ஓர் இனத்தைக் காப்பாற்றுவதில் ஆபத்தும் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் உள்ளே நுழைந்தால் ஒரு மந்தையே காலியாகலாம். நீலநாக்கு நோயைப் பரப்ப ஒரு கொசுவைவிடச் சிறிய பூச்சி போதும். அதனால்தான், வாசலில் கால் நனைக்கும் மருந்துத் தொட்டி, நோயாளி ஆடுகளுக்கு ஒதுக்குப்புறமான கொட்டகை, புதிதாக வரும் ஆட்டைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்க்க இன்னொரு கொட்டகை என்றெல்லாம் வேண்டியிருக்கிறது.

புதிதாக ஆடு வந்தும் ஆக வேண்டும். மூடிய மந்தைக்குள்ளேயே இனச்சேர்க்கை தொடர்ந்தால் சொந்தத்துக்குள் கலந்து குட்டிகள் நலியும். அதற்கு வெளியிலிருந்து, கலப்பில்லாத நீலகிரி கிடா வேண்டும். மலைக் கிராமங்களில் அப்படியொரு கிடாவைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இப்போது கொட்டகை கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை.