எம்மாவைக் கொன்ற புரோநோட்டு

1857 ஜனவரி 29. பாரிஸ் நீதிமன்றம் ஒன்றில் ஒரு நாவல் குற்றவாளிக் கூண்டில் நின்றது. எழுதிய குஸ்தாவ் ஃப்ளோபேருக்கு வயது 35. அதற்குமுன் ஒரு புத்தகம்கூட வெளியிட்டவரில்லை. நாவலைத் தொடர்கதையாகப் போட்ட 'ரெவ்யூ த பாரி' பத்திரிகையின் பொறுப்பாளரும் அச்சகக்காரரும் அவரோடு நின்றார்கள். பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் இழுக்கு உண்டாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அரசுத் தரப்பில் வாதாடிய எர்னெஸ்ட் பினார், 'மதாம் பொவாரி'யை நான்கு காட்சிகளாகப் பிரித்துக்கொண்டார். ரொதோல்ஃபுடன் கள்ளக்காதல், இடையில் கொஞ்ச நாள் பக்தி, பிறகு லெயோனுடன் கள்ளக்காதல், கடைசியில் சாவு.

இந்த நான்கு காட்சிகளிலும் இடம் கிடைக்காத ஆள் ஒருவன் உண்டு. யோன்வில் என்ற சின்ன ஊரில் ஜவுளியும் பேன்சி சாமானும் விற்கும் லெரோ. நாவலைப் படித்தவர்களுக்கு எம்மாவின் காதலர்கள் பெயர் மறப்பதில்லை. கடைக்காரன் பெயர் சட்டென்று வாயில் வராது. ஆனால் எம்மா பொவாரி பாஷாணத்தை அள்ளி வாயில் போட்டுக்கொண்ட அன்று, அவளைத் துரத்திக்கொண்டிருந்தது காதல் அல்ல. 8,000 பிராங்கை 24 மணி நேரத்துக்குள் கட்டச் சொல்லும் கோர்ட் உத்தரவு.

கதை எளிமையானது. நார்மண்டியில் ஓரளவு வசதியான விவசாயியின் மகள் எம்மா. ருவான் நகரத்துக் கன்னிமாடத்தில் படிக்கிறாள். அங்கே துணி தைக்க வரும் வயதான பெண்மணி ஒருத்தி ஒளித்துக் கொண்டுவரும் காதல் நவீனங்களில் மூழ்குகிறாள். மனைவியை இழந்த ஷார்ல் பொவாரியை மணக்கிறாள். நல்லவன், மந்தமானவன், மனைவியின் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவன் முழு டாக்டரும் இல்லை. 'சுகாதார அலுவலர்' என்ற இரண்டாந்தரப் பட்டம் அவனுடையது. பெரிய அறுவை சிகிச்சையைத் தனியாகச் செய்யச் சட்டம் அவனுக்கு இடம் தரவில்லை. பிரபு ஒருவரின் மாளிகையில் ஒரே ஒரு இரவு நடன விருந்துக்குப் போய் வருகிறாள் எம்மா. அதன்பிறகு வீடு, ஊர், புருஷன் எல்லாமே அவளுக்குக் கசந்துபோகின்றன.

கர்ப்பமாக இருக்கும்போது ஆண் பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறாள். ஆணென்றால் நினைத்த இடத்துக்குப் போகலாம், நினைத்ததைச் செய்யலாம். பிறந்தது பெண். பெர்த் என்று பெயர் வைக்கிறார்கள்.

எம்மாவின் ஏமாற்றத்தைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. எதார்த்தத்தை மறந்து, தன்னை வேறு யாரோவாகக் கற்பனை செய்துகொள்ளும் மனப்போக்குக்கு ஜூல் த கோத்தியே என்ற சிந்தனையாளர் 1892-இல் 'பொவாரிசம்' என்றே பெயர் சூட்டிவிட்டார். ஆனால் அந்தக் கற்பனைக்கு உடுத்த துணி வேண்டும், உட்காரச் சாமான் வேண்டும், ஊருக்குப் போக வண்டிச் சத்தம் வேண்டும். யோன்வில்லில் எம்மாவின் கனவைச் சரியாகப் படித்தவன் லெரோ ஒருவன்தான். கணவனுக்கு அது புரியவே இல்லை. காதலர்களுக்குப் புரிந்தது, அக்கறை இல்லை. பாதிரியாரிடம் மனம் விட்டுப் பேசப் போனால், அவர் அஜீரணத்துக்கு மருந்து சொல்லுகிறார். லெரோ மட்டும் அந்தக் கனவைச் சரக்காக மாற்றிப் பெட்டியில் போட்டு வாசலுக்கே கொண்டுவருகிறான்.

அவன் முதல்முறை வரும் காட்சியை ஃப்ளோபேர் கவனமாகச் செதுக்கியிருக்கிறார். அல்ஜீரிய சால்வைகள், இங்கிலாந்து ஊசிகள், வைக்கோல் செருப்புகள், கைதிகள் தேங்காய்ச் சிரட்டையில் குடைந்த முட்டைக் கிண்ணங்கள் என ஒவ்வொன்றாகப் பரப்புகிறான். அவ்வப்போது தூசி தட்டுவது போலச் சால்வையின் பட்டு மேல் நகத்தால் சுண்டுகிறான். சரசரவென்று ஓசை. எம்மா ஒன்றும் வாங்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. காசுக்கு என்ன அவசரம், வேண்டும்போது கேளுங்கள் என்கிறான். அதற்கு ஒரு படி மேலே போய், பணமே வேண்டுமானாலும் புரட்டித் தருவேன் என்று காதில் போட்டுவிட்டுப் போகிறான். நம் ஊர்க் கடைத்தெருவில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பணிவு நன்றாகவே தெரியும்.

பையன் லெயோன் காதலைச் சொல்லாமலே ஊரைவிட்டுப் போனதும் எம்மா செலவில் இறங்குகிறாள். பிரார்த்தனைக்கு மண்டியிட மரச்சாமான் ஒன்று, நீல நிறக் காஷ்மீர் கம்பளி உடை, லெரோவிடமிருந்த சால்வையிலேயே அழகானது. நகத்தைச் சுத்தம் செய்ய ஒரே மாதத்தில் 14 பிராங்குக்கு எலுமிச்சம்பழம்!

இந்த 14 பிராங்குக்கு என்ன பெறுமானம் என்பதையும் நாவலே சொல்லிவிடுகிறது. விவசாயக் கண்காட்சி நாளன்று மேடையில் பரிசு தருகிறார்கள். ஒரே பண்ணையில் 54 ஆண்டு ஊழியம் செய்த கத்தரீன் லெரூ என்ற கிழவி மேலே வருகிறாள். சாணியும் சலவைக் காரமும் ஊறி, கழுவிய பிறகும் அழுக்காகத் தெரியும் கைகள். விரல்கள் மடங்கவே மறுக்கின்றன. அவளுக்கு வெள்ளிப் பதக்கம், மதிப்பு 25 பிராங்க். ஓர் ஆண்டு உழைப்புக்கு அரை பிராங்க்கூடத் தேறாது. எலுமிச்சம்பழக் கணக்கையும் பதக்கக் கணக்கையும் ஃப்ளோபேர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. நடுவில் பல பக்கங்கள் ஓடுகின்றன. கூட்டிப் பார்ப்பதை வாசகனுக்கு விட்டுவிடுகிறார்.

அதே கண்காட்சிதான் நாவலின் புகழ்பெற்ற பகுதி. மாடியில் ரொதோல்ஃப் எம்மாவிடம் விதி, ஜென்மத் தொடர்பு என்று அளந்துகொண்டிருக்கிறான். கீழே மேடையில் எருவுக்கும் பன்றிக்கும் பரிசு வாசிக்கிறார்கள். இரண்டு குரல்களும் வாக்கியத்துக்கு வாக்கியம் பின்னிக்கொள்கின்றன. இதை எழுத ஃப்ளோபேருக்கு மாதக்கணக்கில் ஆனது. எல்லோரும் இந்தக் கிண்டலைத்தான் பாராட்டுகிறார்கள். அதற்குச் சற்று முன்னால் வரும் சின்ன உரையாடல் ஒன்று அநேகர் கண்ணில் படுவதில்லை. எதிர்க்கடைக்காரன் தெலியேயின் கடை ஜப்தியாகப் போகிறது, புரோநோட்டுகளைக் கொண்டே லெரோ அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டான் என்று விடுதிக்காரம்மா மருந்துக் கடைக்கார ஓமேயிடம் சொல்கிறாள். சொல்லும்போதே லெரோ கண்ணில் படுகிறான். பச்சைத் தொப்பி போட்ட ஒரு சீமாட்டிக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருக்கிறான். ரொதோல்ஃபின் கையைப் பிடித்து நடக்கும் எம்மாதான் அவள். சாவின் முதல் அறிவிப்பு இங்கேயே வந்துவிட்டது, காதல் இன்னும் தொடங்கக்கூட இல்லை.

லெரோவின் வட்டிக் கணக்கைப் பார்த்தால் ஃப்ளோபேர் ஒரு கணக்குப்பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு எழுதினாரோ என்று தோன்றும். ரொதோல்ஃப் கைவிட்டதும் எம்மா காய்ச்சலில் படுத்துவிடுகிறாள். வைத்தியச் செலவுக்கு ஷார்ல் லெரோவிடமே 1,000 பிராங்க் கடன் கேட்கிறான். ஓராண்டில் 1,070-ஆகத் திருப்பித் தர வேண்டும். ஏற்கெனவே கடையில் நின்ற பாக்கி 180. மொத்தம் 1,250. வட்டி 6 சதம்தான். அதன்மேல் கமிஷன். விற்ற சாமானில் லாபம் தனி.

ஆனால் ஷார்லிடம் மட்டும் எழுதி வாங்கினால் லெரோவுக்குப் போதாது. வீட்டில் ஆசை இருப்பது எம்மாவிடம், சட்டம் இருப்பது ஷார்லிடம். 1804-இல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டப்படி, மணமான பெண் கணவனின் அனுமதி இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ ஒப்பந்தம் செய்யவோ முடியாது. விவாகரத்தும் கிடையாது, 1816-இல் எடுத்துவிட்டார்கள், 1884-இல்தான் திரும்ப வந்தது. ஆகவே லெரோ ஒரு யோசனை சொல்லித் தருகிறான்: புருஷனிடம் பவர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாமனார் இறந்து சொத்து வந்த நேரம். இதுபற்றி ஆலோசனை கேட்க என்று சொல்லித்தான் எம்மா ருவானுக்கு, அங்கே வேலையில் இருக்கும் லெயோனிடம், போகிறாள். மூன்று நாள் தங்குகிறாள். காதலும் பவர் பத்திரமும் ஒரே பயணத்தில் கைக்கு வருகின்றன.

ஷார்லின் தாய் இதைக் கண்டுபிடித்துச் சண்டை போட, எம்மா பத்திரத்தை அடுப்பில் வீசுகிறாள். கொஞ்ச நாளில் ஷார்லே மறுபடி ஒன்று எழுதித் தருகிறான். பிறகு கடனை அடைக்கக் கடன், பழைய புரோநோட்டைப் புதுப்பிக்கப் புது புரோநோட்டு. யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்று சொல்லி வாங்கிய தாள்களை லெரோ ருவானில் உள்ள வன்சார் என்பவன் பெயருக்கு மாற்றிவிடுகிறான். இனி கேட்பது அவன், நான் என்ன செய்ய என்று கை விரிக்கலாம் அல்லவா! அந்தச் சிவில் சட்டம் எம்மாவுக்கு விட்டுவைத்த ஒரே சுதந்திரம் கடன் பத்திரத்தில் கையெழுத்து போடுவதுதான். அவள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினாள்.

கடைசி நாட்களில் அமீனா வந்து சாமான்களைப் பட்டியல் எடுக்கிறான். ஏல நோட்டீஸைச் சந்தையில் ஒட்டுகிறார்கள். எம்மா வீடு வீடாக ஓடுகிறாள். நோட்டரி கியோமென் சாப்பிட்டுக்கொண்டே கதை கேட்கிறார், கேட்டுவிட்டுக் கையைப் பிடிக்கிறார். வரி வசூலிக்கும் பினேயிடம் தவணை கேட்கிறாள், அவர் பதறி விலகுகிறார். லெயோனை அலுவலகப் பணத்தை எடுத்துத் தரச் சொல்லித் தூண்டுகிறாள், அவன் நழுவுகிறான். கடைசியாக, மூன்று ஆண்டுக்கு முன் விட்டுப்போன ரொதோல்ஃபிடம் போய் 3,000 பிராங்க் கேட்கிறாள். அவன் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை என்று ஃப்ளோபேர் குறிப்பிடுகிறார். இருந்திருந்தால் கொடுத்தும் இருப்பான். வில்லனாக்கிக் கைதட்டல் வாங்க எளிதான இடம் அது. அவர் அதைச் செய்யவில்லை.

எம்மாவின் சாவை எழுதும்போது தன் வாயிலேயே பாஷாணத்தின் ருசி இருந்ததாகவும், இரண்டு முறை செரிக்காமல் சாப்பிட்டதை வாந்தி எடுத்ததாகவும் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதினார். 1851 செப்டம்பரில் தொடங்கி, ருவானுக்குப் பக்கத்தில் சேன் நதிக்கரையில் க்ருவாஸே வீட்டில் உட்கார்ந்து, 1856 வசந்தத்தில்தான் முடித்தார். எழுதி அடித்துத் தள்ளிய தாள்கள் சுமார் 4,500 பக்கம் இன்றும் ருவான் நூலகத்தில் இருக்கின்றன. கதைக்கு மூலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, ரி என்ற ஊரில் 1848-இல் இறந்த தெல்ஃபின் தெலமாரின் வாழ்க்கை. அவளுடைய கணவன் ஃப்ளோபேரின் அப்பாவிடம் வைத்தியம் படித்தவன். ஆனால் ஃப்ளோபேரின் காகிதங்களுக்குள் இன்னொரு கையெழுத்துப் படியும் கிடைத்தது. சிற்பி பிரதியேயின் மனைவி லுயீஸ் காதலிலும் கடனிலும் சிக்கி, ஜப்தி வரை போன கதை. லெரோ எங்கிருந்து வந்தான் என்று தேடுகிறவர்கள் ரி ஊரைவிட இந்தத் தாள்களைப் பார்ப்பது நல்லது.

வழக்கில் 1857 பிப்ரவரி 7 அன்று விடுதலை கிடைத்தது, நீதிபதிகளின் கண்டிப்போடு. வாதாடி ஜெயித்த செனாருக்கே நூலைக் காணிக்கையாக்கினார் ஃப்ளோபேர். தோற்ற பினார் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு பொதலேரின் 'தீமையின் மலர்கள்' மீது வழக்கு நடத்தி ஆறு கவிதைகளை நீக்க வைத்தார். வழக்கு கொடுத்த விளம்பரத்தில் நாவல் பிய்த்துக்கொண்டு போனது. பதிப்பாளர் மிஷேல் லெவி ஐந்தாண்டு உரிமைக்குத் தந்த தொகையோ 800 பிராங்க், எம்மாவின் கடைசிக் கடனில் பத்தில் ஒரு பங்கு. விற்பனையைப் பார்த்து 500 போட்டுத் தந்தார்.

பிறகு நாவலைப் படமாக்கியவர்கள் பெரும்பாலும் பினாரைப் போலவே காதலின் பின்னால் போனார்கள். ஹாலிவுட்டில் வின்சென்ட் மினெல்லி 1949-இல் எடுத்த படம் நடனக் காட்சியால் பேசப்பட்டது. கேதன் மேத்தா 1993-இல் இந்தியில் 'மாயா மேம்சாப்' எடுத்தார். தீபா சாஹி நடித்தார், காதலர்களில் ஒருவராக இளம் ஷாருக் கான். குளோத் ஷாப்ரோல் 1991-இல் இஸபெல் ஊப்பேரை வைத்து எடுத்ததுதான் நாவலின் குளிர்ச்சியை ஓரளவு தொட்டது.

எம்மா இறந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. கொஞ்ச நாளில் ஷார்லும் இறந்துபோகிறான். எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்ததில் மிஞ்சியது 12 பிராங்க் 75 சாந்தீம். குழந்தை பெர்த்தைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப வண்டிச் சத்தத்துக்கு அது சரியாகப் போயிற்று. பாட்டியும் அதே ஆண்டு கண்ணை மூட, ஏழை அத்தை ஒருத்தி பெர்த்தை எடுத்துக்கொண்டு, பிழைப்புக்குப் பஞ்சாலையில் வேலைக்கு அனுப்புகிறாள். ஓமே அரசாங்கப் பதக்கம் வாங்குகிறான்.

நாவல் வந்து 18 ஆண்டு கழித்து, 1875-இல், கடன் க்ருவாஸே வீட்டு வாசலுக்கே வந்தது. ஃப்ளோபேர் மகள்போல வளர்த்த தங்கை மகள் கரோலின். அவளுடைய கணவர் கொமான்வில் மர வியாபாரத்தில் நொடித்துப்போனார். அவர் திவாலாகாமல் காப்பாற்ற ஃப்ளோபேர் தோவில்லில் இருந்த பண்ணையை 2,00,000 பிராங்குக்கு விற்றார். அதோடு அவருக்கு வருமானம் போயிற்று. 1879-இல் நண்பர்கள் ஓடியாடி, பாரிஸ் மசாரின் நூலகத்தில் பெயரளவுக்கு ஒரு பதவி வாங்கித் தந்தார்கள். போய் உட்கார வேண்டியதில்லை. ஆண்டுக்கு 3,000 பிராங்க். அரசாங்கக் காசை வாங்குவதற்குக் கூசினார். கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.