கொன்செக்கியூற்றிவ்: இடைவிடாத வரிசையைக் குறிக்கும் பெயரடை

மாணவர்களே! ஆங்கில வாசிப்புப் பகுதியில் ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டால், அதனைச் சார்ந்த விடைகள் யாவும் பிழைத்துவிடும். அத்தகைய சொற்களுள் ஒன்றே ‘கொன்செக்கியூற்றிவ்’. இதனை சீ, ஓ, என், எஸ், ஈ, சீ, யூ, ரீ, ஐ, வீ, ஈ என எழுதுக. உச்சரிக்கும்போது ‘செக்’ என்னும் அசையை அழுத்துக.

1. பொருள்

ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் எதுவும் விடுபடாமல் வருகின்ற என்பதே இதன் பொருளாகும். 7, 8, 9 என்பன கொன்செக்கியூற்றிவ் எண்கள். 7, 9, 10 என்பன அவ்வாறானவை அல்ல; 8 விடுபட்டுள்ளது.

2. சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘செக்குவி’ என்பது பின்தொடர்தலைக் குறிக்கும். ‘கொன்’ என்னும் முன்னொட்டுச் சேர, நெருங்கிப் பின்தொடர்தல் என்றாகும். இதிலிருந்து பிறந்த இச்சொல் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. வரிசை எனப் பொருள்படும் ‘சீக்குவென்ஸ்’, இரண்டாவது எனப் பொருள்படும் ‘செக்கன்ட்’ ஆகியனவும் இதே வேரிலிருந்து வந்தவையே.

3. ‘சக்செசிவ்’ உடன் வேறுபாடு

‘சக்செசிவ்’ என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதையே குறிக்கும். ஆனால் இடையில் இடைவெளி இருக்கலாம். பின்வரும் உதாரணத்தை நோக்குக.

யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 1990 இல் நின்றது. போர் முடிந்த பின்னர் பாதை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது.

2011 – ஓமந்தை வரை
2013 – கிளிநொச்சி வரை
2014 – பளை வரை; பின்னர் அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வரை
2015 – காங்கேசன்துறை வரை

இவை யாவும் ‘சக்செசிவ்’ கட்டங்கள். ஆனால் 2011, 2013 என்பன கொன்செக்கியூற்றிவ் ஆண்டுகள் அல்ல. 2012 இடையில் உள்ளது. 2013, 2014, 2015 என்பனவே கொன்செக்கியூற்றிவ் ஆண்டுகள்.

4. ‘கொன்ரினியுவஸ்’ உடன் வேறுபாடு

தமிழில் இரண்டையும் ‘தொடர்ச்சியான’ என்றே கூறுவதால் மயக்கம் உண்டாகிறது. மூன்று கொன்செக்கியூற்றிவ் நாட்கள் மழை பெய்தது என்றால், மூன்று நாளும் மழை பெய்தது என்பதே கருத்து. ஒவ்வொரு நாளும் மழை இடையில் விட்டிருக்கலாம். விடாமல் பெய்த மழையே ‘கொன்ரினியுவஸ்’.

5. பயன்பாடு

(அ) எண்ணுக்குப் பின்னர் வந்தால் பெயர்ச்சொல் பன்மையாகும்: ‘த்ரீ கொன்செக்கியூற்றிவ் இயர்ஸ்’.
(ஆ) வரிசையெண்ணுக்குப் பின்னர் வந்தால் பெயர்ச்சொல் ஒருமையாகும்: ‘த தேட் கொன்செக்கியூற்றிவ் இயர்’. 2015 ஐ இவ்வாறு குறிப்பிட்டால், 2013 உம் 2014 உம் அதில் அடங்கும் என்பதைக் கவனிக்குக.

6. பயிற்சி

(i) மூன்று கொன்செக்கியூற்றிவ் எண்களின் கூட்டுத்தொகை 72. அவை எவை?
(ii) அவை கொன்செக்கியூற்றிவ் இரட்டை எண்களாயின் எவை?
(iii) வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று கொன்செக்கியூற்றிவ் நாட்கள் எவை? வேலை நாட்கள் எனக் குறிப்பிட்டிருந்தால்? சனி, ஞாயிறு விடுமுறை எனக் கொள்க.

விடைகள்: (i) 23, 24, 25 (ii) 22, 24, 26 (iii) வெள்ளி, சனி, ஞாயிறு, வேலை நாட்களாயின் வெள்ளி, திங்கள், செவ்வாய்.

எந்த வரிசை என்பதை முதலில் அறிக. அவ்வரிசையில் எதுவும் விடுபடாதிருந்தால் அது கொன்செக்கியூற்றிவ் ஆகும்.