மழைக்குப் பின் வண்டி இழுக்காதது ஏன்?

அகத்தியர் மலையிலிருந்து இறங்கி வரும் நெய்யாற்றின் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது கள்ளிக்காடு. மழைக்குப் பஞ்சமில்லாத ஊர். இடவப்பாதியில் தொடங்கிய மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆவதற்குள் துலாம் மாதத்து இடிமழை வந்து சேரும். அவ்வூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் பழைய பெட்ரோல் அம்பாஸிடர் ஒன்றை வைத்திருக்கிறார். அந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அவருடைய பற்று மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் இரவெல்லாம் மழை கொட்டியது. மறுநாட் காலை அவர் பாறசாலைக்குப் புறப்பட்டார். சமநிலத்தில் வண்டி ஒழுங்காகவே ஓடிற்று. மேடு ஏறத் தொடங்கியதும் இருமிற்று, குலுங்கிற்று, மூன்றாவது கியரில் நின்றுவிடும் போலாயிற்று. பெட்ரோலில் கலப்படம் என்று ஒருவர் சொன்னார். கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். நண்பர் இரண்டையும் செய்தார். வெயிலடித்த இரண்டு நாட்கள் வண்டி நன்றாக ஓடிற்று. அடுத்த மழையில் மறுபடியும் பழைய கதைதான்.

நேயர்களே, எஞ்சின் வலுவோடு ஓடக் காற்று, எரிபொருள், தீப்பொறி என்ற மூன்றும் உரிய அளவில், உரிய நேரத்தில் வேண்டும். மழைக்குப் பின் வலு திடீரெனக் குறைந்தால் முதலிற் சந்தேகிக்க வேண்டியது தீப்பொறியைத்தான். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் காயில் என்னும் சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அந்த மின்சாரம் வயர் வழியே சென்று ஸ்பார்க் பிளக்கின் முனையிலுள்ள மிகச் சிறிய இடைவெளியைத் தாவ வேண்டும். தாவும்போது எழுவதே பொறி. இவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரத்துக்கு எளிய வழி ஒன்று அகப்பட்டால், அது கடினமான வழியை நாடாது. வயரின் உறையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு, அதன்மேல் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும், அதன்மேல் ஈரம்: இவை மூன்றும் கூடினால் அந்த எளிய வழி தயார். மின்சாரம் எஞ்சினின் இரும்புடம்பில் இறங்கிவிடும். பிளக்கில் பொறி எழாது.

அப்படியானால் சமநிலத்தில் ஓடிய வண்டி மேட்டில் மட்டும் திணறுவது ஏன்? கோளாற்றின் திறவுகோல் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மேடேறும்போது நாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறோம்; சிலிண்டருக்குள் அதிகக் காற்றும் பெட்ரோலும் புகுந்து, மிகுந்த அழுத்தத்தில் நெருக்கப்படுகின்றன. நெருங்கிய காற்றினூடே பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் தேவை. தேவை ஏற ஏற, மின்சாரம் வெளியிலுள்ள ஈர வழியை நாடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று ஓய்ந்தாற்கூட வலுவில் கால் பங்குக்குமேல் போய்விடும். ஏனெனில், வேலை செய்யாத அந்தச் சிலிண்டரையும் மற்ற மூன்றும் சுமக்க வேண்டியிருக்கிறது. வர்க்‌ஷாப் மொழியில் இதனை ‘மிஸ் அடிக்கிறது’ என்பார்கள்.

நண்பரின் வண்டியை ஒரு முதிய மெக்கானிக் இரவு நேரத்தில் விளக்கில்லாத கொட்டகையில் நிறுத்தச் சொன்னார். பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்களின்மேல் கொஞ்சம் நீரைப் பனி போலத் தெளித்தார். “கையை நீட்டாதேயும் அண்ணாச்சி, கண்ணால் மட்டும் பாரும்” என்றாராம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின்மேல் நீலநிற மின்னல்கள் ஓடி விளையாடின. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அதன் உட்புறத்தில் பென்சிலால் கீறியது போன்ற ஒரு கருங்கோடு. பொறி ஓடி ஓடிக் கரியாக்கிய தடம் அது. அத்தடம் விழுந்த மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மூடியையும் ஐந்து வயர்களையும் மாற்றியதும் வண்டி மேட்டில் இழுத்தது. கார்புரேட்டருக்குச் செலவழித்த பணத்தை நண்பர் இன்றும் நினைவு கூர்கிறார்.

இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கிறது. ஆயினும் ஈரத்துக்கு வேலை இல்லாமற் போகவில்லை. பிளக் ஒரு குழிக்குள் இருப்பதால், எஞ்சினை நீர் பீய்ச்சிக் கழுவும்போதோ, பானெட் விளிம்பின் ரப்பர் தேய்ந்து மழை ஒழுகும்போதோ அக்குழியில் நீர் தங்கும். காயிலின் ரப்பர் உறை வெடித்திருந்தால் பழைய கதைதான். டாஷ்போர்டில் எஞ்சின் படமுள்ள மஞ்சள் விளக்கு மினுக்மினுக்கென்று கண் சிமிட்டுமாயின், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே நன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இறங்கி, அங்குள்ள விலையுயர்ந்த காட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும். எந்தச் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்பதை ஸ்கேனர் கருவி குறியெண்ணாகவே காட்டிவிடும். அதன் பிறகு எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, அந்தச் சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு இடம் மாற்ற வேண்டும். கோளாறும் உடன் இடம் பெயர்ந்தால் குற்றவாளி காயில்தான். பெயராவிட்டால் பிளக்கையோ பெட்ரோல் இன்ஜெக்டரையோ நோக்க வேண்டும்.

எஞ்சின் சூடேறிச் சிறிது நேரத்தில் கோளாறு தானே மறைந்தால், அது ஈரத்தின் வேலை என்று பெரும்பாலும் நம்பலாம். சூடேறியும் மறையாமல், குலுக்கலுமின்றி, வண்டி மந்தமாகவே இழுத்தால் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்து கனத்த காகிதத்தினூடே எஞ்சினுக்கு மூச்சு விட இயலாது. அதை மாற்றுவது சில நிமிட வேலை.

ஆனால் நனைந்த அந்தப் பில்டர் இன்னொரு செய்தியையும் சொல்லக்கூடும். நீர் அதுவரை வந்திருக்கிறதென்றால், அதைத் தாண்டியும் போயிருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் வந்தபோது எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. அப்படி நின்ற வண்டிக்கு நீர் செய்யும் கேட்டைவிடச் சாவியைத் திருப்பும் கை செய்யும் கேடு பெரிது. காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. 1200 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 300. நெருக்க விகிதம் பத்துக்கு ஒன்றானால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடம் சுமார் 33 கன சென்டிமீட்டர்தான். அதற்குமேல், அதாவது இரண்டு பெரிய கரண்டிக்குச் சற்று அதிகமான நீர் உள்ளே இருந்தால், பிஸ்டன் மேலே வர இடமில்லை. கனெக்டிங் ராடு வளையும், அல்லது முறிந்து எஞ்சினின் பக்கத்தையே பிளந்துவிடும். டீசல் எஞ்சினில் நெருக்கம் இன்னும் அதிகம். ஆகையால் இன்னும் குறைந்த நீரே போதும்.

எனவே தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஒரு தடவைகூட வேண்டாம். மேடான இடத்துக்குத் தள்ளிச் சென்று மெக்கானிக்கை அழையுங்கள். அவர் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகள் வழியே நீரை வெளியேற்றுவார். எஞ்சின் எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருக்கிறதா என்றும் பார்ப்பார். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், சாதாரண இன்ஷூரன்ஸ் பொதுவாக அதற்குப் பணம் தராது. அதற்கெனத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது எரிபொருள். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் நீரைக் கொஞ்சம் தன்னுள் ஏற்றுக்கொள்ளும். அளவு மீறினால், அந்த நீரோடு தானும் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான். மழையில் பெட்ரோல் நிரப்பிய சிறிது தூரத்திலேயே கோளாறு தொடங்கி, வெயிலிலும் விடாமல் தொடர்ந்தால் அப்போது டாங்க்கைச் சந்தேகிக்கலாம். டீசல் வண்டியில் பில்டரின் கீழே நீரை வடிக்க ஒரு திருகு இருப்பதுண்டு. மழைக்காலத்தில் அதை அவ்வப்போது திறந்து வடித்துவிடுவது நல்லது. கள்ளிக்காட்டு நண்பர் முதலிற் செய்தது டாங்க்கைக் கழுவியதுதான். அதிலே ஒரு சொட்டு நீர்கூட இருக்கவில்லை.