இடம் கிடைக்கும் வரை

மும்பை மழையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. செம்பூரில் எங்கள் கட்டிடத்து வாட்ச்மேன் வந்து மணியடித்தார். "பாபிஜி, மீட்டர் ரூமில் தண்ணீர் ஏறுகிறது. குட்டிகள் முழுகிவிடும்!"

வாசலில் திரியும் பழுப்பு நாய்க்கு நான் தினமும் சோறு வைப்பது அவருக்குத் தெரியும். அது இரண்டு வாரம் முன்பு குட்டி போட்டதும் எனக்குத் தெரியும். என்னவரும் நானும் ஓடினோம். நான்கு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நடுங்கிக்கொண்டிருந்தன. தாயோ கேட்டின் ஓரம் கிடந்தது. இரவில் ஏதோ வண்டி மோதியிருக்க வேண்டும், பின்னங்கால் தொங்கியது.

வலியில் இருக்கும் நாய், சோறு போட்ட கையையும் கடிக்கும். அதன்மேல் தவறில்லை. ஆகவே முதல் வேலை, துப்பட்டாவால் அதன் வாயைச் சுற்றிக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டதுதான். பிறகு பழைய போர்வையை விரித்து, அதில் மெல்ல நகர்த்தி, இருவராகத் தூக்கினோம். பிராணிகளுக்கான ஆம்புலன்ஸ் மழையில் வர முடியாது என்றார்கள். ஆட்டோ சயானுக்கு அப்பால் போகாது. அங்கிருந்து டாக்ஸி. மூன்றாவது டாக்ஸிக்காரர்தான் சம்மதித்தார் என்று பரேல் ஆஸ்பத்திரியிலிருந்து என்னவர் போன் செய்தார். எலும்பு முறிவு, சில வாரங்கள் அங்கேயே இருக்க வேண்டும், இந்த நிலையில் பால் கொடுக்க முடியாது. அப்படியானால் குட்டிகள்?

குட்டிகள் என் சமையலறை வாசலில், அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. மாமியாருக்கு வயது எண்பத்து நான்கு. பூஜையில் இருந்து எழுந்து வந்தார்.

"ஏண்டி, ஸ்வாமி விளக்கு எரியறது. நாய்க்குட்டியை ஆத்துக்குள்ள கொண்டு வரையே!"

"இடம் கிடைக்கிற வரைக்கும்தாம்மா" என்றேன்.

அடுப்பில் பசும்பால் காய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளை, தெருக்கோடியில் இருக்கும் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன். "பாலைக் கீழே வையுங்கள்" என்றார். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் புகட்டினால் ஜீரணமாகாது, உயிருக்கே ஆபத்து. முதலில் சூடு, பிறகுதான் பால். அதுவும் பசும்பால் வேண்டாம், பேதியாகும். நாய்க்குட்டிக்கென்றே பால் மாவு கிடைக்கிறது. மூன்று மணிக்கு ஒரு முறை, குட்டியைக் கவிழ்த்த நிலையில் பிடித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக. மல்லாத்தினால் புரை ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடும் அந்த வேலை நடக்காவிட்டால் இந்த வயதில் சிறுநீர்கூடப் பிரியாது. இத்தனை நாள் சோறு போட்டவளுக்கு இதில் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. "மாட்டுங்காவுல உன் ஆத்துக்காரனை எட்டு மாசம் வெச்சுண்டாளே ஒரு மாமி, ஞாபகம் இருக்கா? ஒரே ரூம், அவாளே அஞ்சு பேர். இடம் கிடைக்கிற வரைக்கும்னுதான் அவனும் போனான்."

1984-ல் ஒரு டிரங்குப் பெட்டியுடன் தாதரில் வந்து இறங்கியவர் என்னவர். நம்மில் பலருக்கும் இப்படி ஒரு மாமி இருந்திருப்பார். மாமியார் தம் பழைய ஒன்பது கஜப் புடவையைக் கிழித்துப் பெட்டிக்குள் விரித்தார். "பைரவர் வாகனம்தானே" என்று தமக்கே சொல்லிக்கொண்டார்.

பதினோரு மணிக்குப் பக்கத்துப் பிளாட் மராட்டிய அம்மாள் வந்தார். அவருடைய பேரனை முந்தின வருடம் ஒரு தெருநாய் கடித்துவிட்டது. "இன்று நான்கு. நாளை இவை வளர்ந்து நாற்பது. யார் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும்?" என்றார். அந்தப் பையன் ஊசிக்குப் போன நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே இல்லை. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசி போட வேண்டும். அவர் பயம் நியாயமானது. என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் என் குற்றமும் அதில் உண்டு. சோறு போட்டேனே தவிர, அந்தத் தாய்க்குக் கருத்தடை செய்ய ஏற்பாடு செய்யவில்லை. நாயைக் கொல்வதால் தீர்வு வராது என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1832-ல் ஆங்கில அரசு பம்பாய்த் தெருநாய்களைக் கொல்லப்போய், பார்சிகள் கொதித்தெழுந்து கலகமே நடந்தது. மாற்று வழியைக் காட்டியதில் நம் சென்னைக்குப் பங்குண்டு. கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில் விடும் முறையை 1964-லேயே ஆரம்பித்தது. 2001-ல் மத்திய அரசு விதியாக வந்து, 2023-ல் புதுப்பிக்கப்பட்டதும் அந்த முறைதான். ஒரு வட்டாரத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டாலே வெறிநோய் பரவுவதைத் தடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அன்றிரவு பன்னிரண்டு மணி, மூன்று மணி, ஆறு மணி என்று அலாரம் வைத்துக்கொண்டோம். நான்கில் மிகச் சிறியது, நெற்றியில் வெள்ளைக் கீற்று உள்ளது, பாலை விழுங்கவே இல்லை. மாமியார் அதைப் படுக்கப் போடவிடாமல் மடியிலேயே வைத்திருந்தார். மூன்று மணிக்கு நான் எழுந்தபோது, "இதுக்கு வேண்டாம், மத்ததுக்குக் குடு" என்றார். புரிந்துகொண்டேன். விடிந்ததும் என்னவர் அதைப் பவழமல்லி மரத்தடியில் புதைத்தார்.

மற்ற மூன்றும் பிழைத்தன. இரண்டு நல்ல குடும்பங்களுக்குப் போயின. தாய் குணமாகி, கருத்தடை முடிந்து, அதன் அடையாளமாகக் காது நுனியில் வெட்டுடன் எங்கள் வாசலுக்கே திரும்பியது, சற்று நொண்டுகிறது. அக்டோபரில் தாய்க்கும் குட்டிக்கும் போட்ட வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ்களைப் பக்கத்து வீட்டம்மாளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டையும் கடைசி வரி வரை படித்தார். "அடுத்த வருஷமும் போடுவாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டார். போடுவேன் என்று வாக்களித்திருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோராலும் நாய் வளர்க்க முடியாது. ஆனால் ஒரு குட்டிக்குச் சில வாரங்கள் ஒரு மூலை கொடுக்க முடியும். தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள் அதன் ஊசிக்கும் கருத்தடைக்கும் பொறுப்பேற்க முடியும்.

மூன்றாவது குட்டி? தீபாவளியன்று, "இதுக்கும் ஒரு இடம் பார்க்கணும்மா" என்றேன். பட்சணத் தட்டிலிருந்து தலை நிமிராமலே மாமியார் சொன்னார்:

"இன்னும் எட்டு மாசம் ஆகலையே!"