கம்பியில் வந்து உட்காரும் விருந்தாளிகள்

தீபாவளிக்குத் துணிமணி எடுக்கப் பட்டணத்துக்குப் போயிருப்பீர்கள். மாலை ஏழு மணி வாக்கில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது தலைக்கு மேலே இருக்கும் மின்கம்பிகளை அண்ணாந்து பார்த்ததுண்டா? "எச்சம் விழும், தள்ளி நில்லு" என்று யாராவது கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். கம்பியே தெரியாதபடி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அந்தக் குருவிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவை நம் நாட்டில் பிறந்தவை அல்ல. தமிழில் தகைவிலான் என்றும், மலாயில் லாயாங்-லாயாங் என்றும் பெயர். சீனா, கொரியா, ஜப்பான், சைபீரியா பக்கங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்டு, செப்டம்பரில் இங்கே வந்து சேர்கின்றன. ஒரு குருவியின் எடை ஏறக்குறைய 20 கிராம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் பறந்து வருகிறது! சித்திரை பிறந்து சில வாரங்களில் கம்பிகள் காலியாகிவிடும்.

குளிர் தாங்காமல்தான் வருகின்றன என்று நானே பல வருஷம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பாதி உண்மை. குளிரைவிடப் பசிதான் பெரிய காரணம். அங்கே பனிக்காலம் வந்தால் பறக்கும் பூச்சிகள் இல்லாமல் போகும், தரை உறைந்துவிடும். நமக்கோ குளிர்காலமே கிடையாது. மழைக்காலத்தில்கூடக் கொசுவுக்கும் ஈசலுக்கும் பஞ்சமில்லை.

சிலர் இவற்றைக் கூட்டுக்காகக் கட்டடத்தில் வளர்க்கிறார்களே, அந்த வாலிட் குருவி என்று நினைக்கிறார்கள். வாலிட்டுக்குக் கம்பியில் உட்காரக் கால் வாகு கிடையாது. சுவரைப் பற்றித் தொங்கத்தான் தெரியும். கம்பியில் உட்காரும் தகைவிலானிலும் உள்ளூர் இனம் ஒன்று உண்டு. தொண்டைச் சிவப்புக்குக் கீழே கரும்பட்டை இருந்தால் அது வெளியூர் விருந்தாளி. பட்டை இல்லாவிட்டால் நம்மூர்க்காரர்.

பள்ளித் திடலையும் கொஞ்சம் பாருங்கள். மழை பெய்து புல் நனைந்த காலையில், பொன்னும் பழுப்பும் புள்ளி புள்ளியாகக் கலந்த பறவைகள் நான்கடி ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அவை பொன்னிற உப்புக்கொத்திகள். சைபீரியாவின் வட கோடியிலும் அலாஸ்காவிலும் முட்டையிடும் பறவை, நம் பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் புழு தேடுகிறது. ஊர் திரும்பும் மார்ச், ஏப்ரலில் அவற்றின் நெஞ்சும் வயிறும் கறுத்து வரும். கல்யாணத்துக்குச் சட்டை மாற்றுகிறது என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் பக்கம் போகிறவர்கள் தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்துக்கு ஏறிப் பாருங்கள். சுமத்ராவில் தங்கிய தேன்பருந்துகள் வடக்கே திரும்பும் வழி அது. வெயில் ஏறினால் தரையிலிருந்து எழும் சூடான காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சிறகை அடிக்காமல் சறுக்கிப் போவது பருந்தின் வழக்கம். கடலுக்கு மேலே அந்தச் சூட்டுக்காற்று சரியாகக் கிடைக்காது. ஆகவே நீரிணை ஒடுங்கிய இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. அக்கரையில் ரூப்பாட் தீவு, தூரம் 40 கிலோ மீட்டருக்கும் குறைவு. 2000-ஆம் ஆண்டு தொடங்கி மலேசிய இயற்கைக் கழகத்தார் அங்கே பருந்து பார்க்கும் விழா நடத்தி வந்திருக்கிறார்கள். நான் ஒரு முறை பிள்ளைகளை அழைத்துப் போனேன். பருந்தைவிடக் குரங்கைத்தான் அதிகம் பார்த்தார்கள்!

ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் இரவில் கடந்து போகிறவைதான் அதிகம். 1960-களில் பிரேசர் மலையில், விளக்கு வெளிச்சத்துக்கு வந்து மயங்கும் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டு ஆராய்ந்தார்கள். மேகம் மூடிய இரவில் வெளிச்சத்தைக் கண்டால் பறவைக்கு வழி தவறிவிடும்.

போன நவம்பரில் இதை எங்கள் பள்ளியிலேயே கண்டேன். இரவு முழுதும் மழை. தாழ்வாரத்து விளக்கை யாரோ அணைக்காமல் போய்விட்டார்கள். காலையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு ஓடி வந்தான். கணினி அறைக் கண்ணாடிக்குக் கீழே கிடந்ததாம். பச்சை முதுகு, நீலச் சிறகு, வெள்ளைத் தொண்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. தமிழகத்தில் ஆறுமணிக் குருவி என்பார்களே, அதன் பங்காளி. மலாயில் பூரோங் பாச்சாட், அதாவது அட்டைக் குருவி. இவ்வளவு அழகுக்கு இப்படி ஒரு பெயர்!

இந்தப் பையனிடமிருந்துதான் போன வாரம் நான் லாஸ்டிக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன். இப்போது அவன் கை நடுங்குகிறது. "சார், செத்துப் போச்சுன்னா நான் தூக்குனதாலயா?" என்றான். கூண்டில் வைத்தால் பட்டணத்தில் நல்ல விலை போகும் என்றான் இன்னொருவன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

உங்கள் வாசலில் இப்படி ஒன்று விழுந்தால் தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முன்பு ஒரு தடவை நான் இரக்கப்பட்டு ஊற்றினேன். மூச்சுக் குழாயில் ஏறி அந்தப் பறவை என் கையிலேயே செத்தது. இந்தத் தடவை சப்பாத்துப் பெட்டியில் துளை போட்டு, பழைய துணி விரித்து, உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத மூலையில் வைத்தோம். பையன் ஓய்வு நேரத்தில் சாப்பிடப் போகாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பகல் திரும்பிய பிறகு உள்ளே பரபரவென்று சத்தம் கேட்டது. ஆற்றோரப் புதர்க்காட்டில் கொண்டுபோய்த் திறந்தோம். ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தது. நீலமாக ஒரு மின்னல், அவ்வளவுதான்.

இப்போது அக்டோபர், நவம்பரில் பள்ளி விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லியிருக்கிறேன். காவற்காரர் முணுமுணுக்கிறார். உங்கள் லயத்து வாசல் விளக்கையும் படுக்கப் போகுமுன் அணைக்கலாம். மின்சாரக் காசும் மிச்சம். எந்தக் குருவி எந்தத் தேதியில் வந்தது என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பள்ளி நோட்டில் முதல் வரி அந்தப் பையன் எழுதியது. லாஸ்டிக் இன்னும் என் மேசைக்குள்தான் இருக்கிறது.

அந்த ஆற்றோரத்தில் வீடமைப்புக்கு அளந்து சிவப்புச் சாயக் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். கரையோரம் ஒரு பட்டை நிலத்தையாவது காடாக விட்டுவைக்கும்படி, பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.