முதல்ல தரையில பத்து நிமிஷம்!

எங்க டீம் கட்டின முதல் ஆர்சி விமானம் காற்றில் இருந்தது மொத்தம் மூணே விநாடி. மூணு மாச உழைப்பு. கையிலிருந்து எறிந்ததும் லேசா இடப்பக்கம் சாய்ந்தது. பைலட் அண்ணன் அதை நிமிர்த்த ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினார். விமானமோ இன்னும் இடப்பக்கமே புரண்டு, வீடியோ எடுத்துக்கிட்டிருந்த நண்பனுக்கு ரெண்டடி தள்ளி மண்ணில் குத்தியது.

காரணம் ரொம்ப சின்னது. முந்தின ராத்திரி ஹாஸ்டல் ரூமில் எய்லரான் சர்வோவை மாத்தினோம். புது சர்வோ தலைகீழா வேலை செய்தது. டிரான்ஸ்மிட்டரில் 'ரிவர்ஸ்' செட்டிங்கை மாத்தியிருந்தா போதும். யாருமே பார்க்கலை.

பொம்மைதானேன்னு நினைக்காதீங்க

நம்ம படிச்ச இயக்க ஆற்றல் சூத்திரத்தையே போட்டுப் பாருங்க. 1.5 கிலோ எடையுள்ள விமானம் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வந்தா ஆற்றல் சுமார் 169 ஜூல். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வர்ற 160 கிராம் கிரிக்கெட் பந்துக்கு சுமார் 121 ஜூல்தான். அந்தப் பந்தை எதிர்கொள்ள பேட்ஸ்மேன் ஹெல்மெட், பேட் எல்லாம் போட்டுக்கிட்டு நிக்கிறார். நம்ம கூட்டாளிங்க டி-ஷர்ட்டோட நிக்கிறாங்க.

புரொப்பெல்லர் இன்னும் மோசம். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 8000 சுற்று சுத்தினா, அதன் நுனி மணிக்கு சுமார் 380 கி.மீ. வேகத்தில் போகுது. அதனால டேபிளில் வச்சு வேலை பார்க்கும்போது புரொப்பெல்லரைக் கழட்டி வச்சிடுங்க. களத்தில் பேட்டரி மாட்டினதுக்கு அப்புறம் அது சுத்துற தளத்திலோ அதுக்கு முன்னாடியோ கை, முகம் எதுவும் வரக்கூடாது.

ரூமிலேயே முடிக்க வேண்டியவை

லிப்போ பேட்டரியில் ஒரு செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். 3 செல் பேக்குன்னா 12.6. 2200 எம்ஏஎச் பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் பண்ணுங்க. பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். சார்ஜில் போட்டுட்டு மெஸ்ஸுக்குப் போகாதீங்க. கட்டில் மெத்தை மேல வைக்கவே கூடாது. உப்பிப்போன பேட்டரியை "இன்னும் ஒரு தடவை"ன்னு பயன்படுத்தாதீங்க. சில நாள் பறக்கப் போறதில்லைன்னா செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வச்சிடுங்க.

அடுத்தது எடை மையம். நேரான செவ்வக இறக்கைன்னா, முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்கணும். பேட்டரியை மாட்டின நிலையில் ரெண்டு விரலால் தாங்கிப் பாருங்க. மூக்கு கனத்தா விமானம் மந்தமா பறக்கும். வால் கனத்தா கட்டுப்பாட்டுக்கே வராது.

களத்தில் அந்தப் பத்து நிமிஷம்

முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் பண்ணுங்க, த்ராட்டில் கீழே இருக்கட்டும், அப்புறம்தான் விமானத்தில் பேட்டரி. முடிக்கும்போது இதுக்கு நேர் எதிர்: முதலில் பேட்டரியைக் கழட்டணும்.

விமானத்துக்குப் பின்னால் நின்னு ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்க. வலது எய்லரான் மேலே எழணும், இடது கீழே இறங்கணும். ஸ்டிக்கை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேலே வரணும். "அசையுது"ன்னு பார்த்தா போதாது, "எந்தப் பக்கம் அசையுது"ன்னு பாருங்க. ஒருத்தர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருத்தர் பார்க்கணும்.

அடுத்து ஃபெயில்சேஃப். சிக்னல் போனா மோட்டார் நிக்கணும். புரொப்பெல்லரைக் கழட்டிட்டு, மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க. ரேஞ்ச் செக் மோடில் போட்டு முப்பது அடி எடுத்து வச்சு நடந்து, எல்லா சர்வோவும் ஒழுங்கா அசையுதான்னும் பாருங்க.

காற்றை எதிர்த்துத்தான் ஏத்தணும், இறக்கணும். பார்க்க வந்தவங்க எல்லாரும் பைலட்டுக்குப் பின்னால். அவங்க தலைக்கு மேல விமானம் போகவே கூடாது. பைலட் கண்ணு வானத்தில்தான் இருக்கும். தரையைப் பார்க்க பக்கத்தில் இன்னொருத்தர் வேணும்.

விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும். அப்போ எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்க, நிமிர்ந்துடும்.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் 25 கிலோவுக்கு மிகாத, படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கவிடுற விமானங்களை 'மாடல்' என்று தனியா வகைப்படுத்துது. அதுக்காக எங்கே வேணும்னாலும் விடலாம்னு அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்க மைதானம் பச்சை மண்டலமான்னு பாருங்க. அங்கேயும் உயரம் 400 அடிக்குள்.

ரெண்டாவது விமானம்

இது எல்லாத்தையும் பண்ணித்தான் அடுத்த விமானத்தை ஏத்தினோம். ஆறு நிமிஷம் அழகா பறந்தது. இறங்கிக்கிட்டிருக்கும்போது, தரையைப் பார்த்துக்கிட்டிருந்த தோழி கத்தினாள்: "அண்ணா, தாத்தா!" ஆடு ஓட்டிக்கிட்டு ஒருத்தர் குறுக்கே வந்துட்டார். பேட்டரி தீரும் நிலை. மறுபடி மேலே ஏத்த பவர் பத்தாது. அண்ணன் த்ராட்டிலை முழுசா குறைச்சு, விமானத்தைக் கருவேலம் புதருக்குள் திருப்பிவிட்டார். இறக்கை ரெண்டா போச்சு. தாத்தா எங்களைத் திட்டிட்டு ஆடுகளோட போயிட்டார்.

அன்னிக்கும் தப்பு தரையில்தான். டைமரை ஒரு நிமிஷம் குறைச்சு வச்சிருந்தா இன்னொரு சுத்து வந்திருக்கலாம். இப்போ எங்க டைமர் அஞ்சு நிமிஷத்தில் அடிக்குது. புது இறக்கை ஒட்டியாச்சு, பசை காய்ஞ்சிக்கிட்டிருக்கு. நீங்களும் வாங்க, ஆனா பைலட்டுக்குப் பின்னால் நில்லுங்க.