உங்களுக்குத் தெரியுமா? சீருடைக்குள் ஒளிந்து வாழ்ந்தவர்கள்

யாழ்ப்பாணத்தின் சண்டிலிப்பாயிலிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் தன்பாலீர்ப்பாளர் ஒருகாலத்தில் தம்மை மறைத்தே படையில் பணிபுரிய முடிந்தது.

● கனடா: இராணுவப் பொலிஸ் அதிகாரி மிஷேல் டக்ளஸ் தன்பாலீர்ப்பாளர் என்பதால் 1989இல் பதவி நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்ததால் 1992 ஒக்டோபரில் தன்பாலீர்ப்பாளர் படையில் பணிபுரிவதற்கான தடை நீங்கியது. 2017இல் பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ இவ்வாறு பாதிக்கப்பட்டவர்களிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

● பிரித்தானியா: இதே காரணத்துக்காக விமானப்படையிலிருந்து விலக்கப்பட்ட ஜெனெட் ஸ்மித், கிரேம் கிரேடி ஆகியோருக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1999 செப்டெம்பர் 27இல் நீதி வழங்கியது. 2000 ஜனவரி 12இல் தடை நீங்கியது.

● அமெரிக்கா: தன்பாலீர்ப்பை வெளிப்படுத்தாதவரை மட்டுமே படையில் பணிபுரிய அனுமதித்த 'கேட்காதே, சொல்லாதே' என்ற கொள்கை 2011 செப்டெம்பர் 20இல் முடிவுக்கு வந்தது.

● இலங்கை: ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும், பின்னர் சேர்ந்த 365அ பிரிவும் தன்பாலுறவைக் குற்றமாக்கின. இவற்றைத் திருத்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

வீட்டிலேயே குற்றவாளியாக்கப்படும் ஒருவர் படைமுகாமில் எப்படி வெளிப்படையாக வாழ முடியும்? இலங்கையில் முதலில் மாறவேண்டியது இந்தச் சட்டமே.